137, 475 கிலோஹெர்ட்ஸில் ஒன்றுமே வரவில்லை, எங்கே தப்பு?

மாடி_ஏரியல்

வணக்கம். தாம்பரத்தில் மூன்றாவது மாடி வீடு. ஆறு மாதமாக ஆர்டிஎல்-எஸ்டிஆர் வி3 டாங்கிளில் (கணினியில் சொருகுகிற சின்ன ரேடியோ ரிசீவர்) சிற்றலை கேட்டு வருகிறேன், 40 மீட்டரில் ஹாம்கள், அதாவது பொழுதுபோக்கு ரேடியோக்காரர்கள், பேசுவது நன்றாகவே வருகிறது. போன மாதம் 2200 மீட்டர் (137 கிலோஹெர்ட்ஸ் பக்கம்), 630 மீட்டர் (475 பக்கம்) என்று இரண்டு ஹாம் பேண்டுகள் இருப்பது தெரிந்ததிலிருந்து ஆசை பிடித்துக்கொண்டது. மொட்டை மாடியில் துணிக்கொடி மாதிரி 20 மீட்டர் ஒயர் கட்டி, டைரக்ட் சாம்பிளிங் போட்டு 137 கிலோஹெர்ட்ஸுக்குப் போனால் அங்கே சென்னை வானொலி செய்தி வாசிக்கிறது! 475-லும் அதே குரல், கொஞ்சம் மங்கலாக. நடுவில் சீப்புப் பல் மாதிரி வரிசையாகக் கோடுகள். மோர்ஸில் ஒரு புள்ளிகூட இல்லை.

தாழ்ந்த அதிர்வெண்ணை உயர்த்தித் தருகிற அப்கன்வர்ட்டர் வாங்கினால் சரியாகுமா, இல்லை ஏரியல் நீளம் போதவில்லையா? 137-க்குக் கால் அலை நீளமே 547 மீட்டர் வருகிறது. அவ்வளவு ஒயர் கட்ட வேண்டுமென்றால் மூன்று தெருக்காரர்களிடம் அனுமதி வாங்க வேண்டும்.

நெல்லை_அலை

தம்பி, முதலில் பர்ஸை மூடி வையுங்கள்.

ஏரியல் நீளம் உங்கள் பிரச்சினை இல்லை. அலைபரப்புகிறவனுக்குத்தான் அந்தக் கவலை. கேட்பவனுக்கு இந்த அதிர்வெண்களில் வானத்திலிருந்து வருகிற இரைச்சலே அவ்வளவு பலமாக இருக்கும், அதனால் ஒரு முழக் குச்சி ஏரியல்கூட அந்த இரைச்சலைக் கொண்டுவந்துவிடும். அதற்கு மேல் நீளம் கூட்டினால் சிக்னலும் இரைச்சலும் சேர்ந்துதான் ஏறும், லாபம் கிடையாது. சென்னை வானொலி 137-இல் வருவது உங்கள் டாங்கிள் மூச்சுத் திணறுவதால். வி3-இல் டைரக்ட் சாம்பிளிங் என்பது நடுவில் ட்யூனரே இல்லாமல் சிக்னலை எண்ணாக மாற்றுகிற 8 பிட் ஏடிசிக்குள் நேராகத் தள்ளுகிற வேலை. அதை ஒழுங்காகப் பயன்படுத்தலாம் என்று சொல்லப்படுவதே 500 கிலோஹெர்ட்ஸுக்கு மேல்தான், அதற்குக் கீழே காது மந்தம். மந்தக் காதுக்குப் பக்கத்தில் 720-இல் ஒரு பெரிய மத்திய அலை நிலையம் நின்று கத்தினால் பாவம் அது என்ன செய்யும்? 530-க்கு மேலே வெட்டிவிடுகிற லோ பாஸ் ஃபில்டர் ஒன்று போட்டால் பாதி நோய் தீரும். அப்கன்வர்ட்டர் வாங்கினாலும் அந்த ஃபில்டர் இல்லாமல் கதை ஆகாது.

இன்னொரு விஷயம், இதைச் சொன்னால் நிறையப் பேருக்கு முகம் வாடும். 135.7 முதல் 137.8 வரை உள்ள பேண்டும் சரி, 472 முதல் 479 வரை உள்ளதும் சரி, ஹாம்களுக்கு அனுமதிக்கப்படுவது பெரும்பாலும் 1 வாட் கதிர்வீச்சுதான், இரண்டாவதில் சில நாடுகளில் 5 வாட் வரை. முதலாவது 2007 உலக வானொலி மாநாட்டில் கிடைத்தது, இரண்டாவது 2012-இல். ஐரோப்பாவில் பக்கத்துப் பக்கத்து நாட்டில் ஆள் இருக்கிறான், ஆயிரம் கிலோமீட்டருக்குள் பத்துப் பேர் கிடைப்பார்கள். நமக்கு ஆஸ்திரேலியாவும் ஜப்பானும்தான் நம்பிக்கை, ஐரோப்பாக்காரர்கள் எப்போதாவது அதிர்ஷ்டம் அடித்தால். முதல் நாளே அங்கே போய் உட்கார்ந்தால் ஒரு வாரத்தில் வெறுத்துப் போய் டாங்கிளை அலமாரியில் போட்டுவிடுவீர்கள். நான் போட்டேன்.

அதனால் நிச்சயமாக இருக்கிற சிக்னலில் ஆரம்பியுங்கள். அது எங்கள் ஊரிலேயே இருக்கிறது! திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் கடற்படையின் ஐஎன்எஸ் கட்டபொம்மன், 1990-இலிருந்து நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்புகிற நிலையம். 18.2 கிலோஹெர்ட்ஸ், அழைப்புக்குறி விடிஎக்ஸ். கடல் நீருக்குள் சில மீட்டராவது இறங்குகிற அலை இவ்வளவு தாழ்ந்த அதிர்வெண்ணில்தான் கிடைக்கும், அதற்காகத்தான் அவ்வளவு பெரிய கோபுரங்கள். இதைக் கேட்க எஸ்டிஆரே வேண்டாம். 18.2 கிலோஹெர்ட்ஸ் என்பது சவுண்ட் கார்டு அளக்கிற எல்லைக்குள் வருகிறது. 48 கிலோஹெர்ட்ஸ் சாம்பிளிங் உள்ள சாதாரண யூஎஸ்பி சவுண்ட் கார்டில் 24 வரை தெரியும்.

செய்முறை: அரை இன்ச் பிவிசி பைப்பில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சட்டம். 1 ஸ்கொயர் எம்எம் வீட்டு ஒயர் ஒரு காயில் 90 மீட்டர் வரும். 20 சுற்றுக்கு 80 மீட்டர் போக மீதி 10 மீட்டரை இரட்டையாக முறுக்கினால் இறங்கு ஒயர். அவ்வளவுதான் லூப் ஏரியல். மைக் உள்ளீட்டில் சில வோல்ட் டிசி இருக்கும், லூப் அதை ஷார்ட் பண்ணிவிடும், அதனால் தொடரில் ஒரு மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் ஒன்று. ஸ்பெக்ட்ரம் லேப் மென்பொருளை இறக்கி வாட்டர்ஃபாலை (எந்த அதிர்வெண்ணில் என்ன வருகிறது என்று ஓடிக்கொண்டே காட்டுகிற திரை) திறந்தால் 18.2-இல் ஒரு பட்டை தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் உங்கள் வீட்டில் இரைச்சல் இருக்கிறது என்று அர்த்தம், அதைப் பிறகு பேசலாம்.

மாடி_ஏரியல்

நன்றி அண்ணா. ரெண்டு சந்தேகம். கடற்படை சிக்னலைப் பார்ப்பது வம்பில் மாட்டிவிடாதே? அப்புறம் என் லேப்டாப்பில் ஹெட்போனுக்கும் மைக்குக்கும் ஒரே ஓட்டைதான் இருக்கிறது.

நெல்லை_அலை

ஓட்டைக்கு வைத்தியம் தனி யூஎஸ்பி சவுண்ட் கார்டு. வாங்கும்போது மைக் உள்ளீடு 48 கிலோஹெர்ட்ஸில் பதிகிறதா என்று மட்டும் பாருங்கள். நாலு காசுச் சாமான் சிலது 20-க்கு மேலே ஒன்றும் தராது, 18.2-ஐ மட்டும் காட்டிவிட்டு வாயை மூடிக்கொள்ளும்.

வம்பு விஷயம்: அதில் போவது மறையாக்கம் செய்த தரவு, பிரிக்க முடியாது, பிரிக்கவும் கூடாது. நாம் பார்ப்பது சிக்னலின் பலம் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை மட்டும். அதை வைத்து அயனி மண்டல ஆராய்ச்சி செய்து கட்டுரை போடுகிற பல்கலைக்கழகங்கள் நிறைய உண்டு. ஆனால் வண்டியில் லூப்பைக் கட்டிக்கொண்டு அந்த வேலி ஓரம் போய் நிற்காதீர்கள், அப்புறம் என்னைக் கேட்கக் கூடாது. இந்தப் பொழுதுபோக்கில் நிலைக்கப் போகிறீர்கள் என்றால் ஹாம் உரிமத்துக்கான ஏஎஸ்ஓசி தேர்வு எழுதிவிடுங்கள், ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு மோர்ஸ்கூட வேண்டாம்.

டாங்கிள்_தாசன்

எதற்கு இவ்வளவு கஷ்டம்? நெதர்லாந்தில் ட்வென்டே பல்கலைக்கழக வெப் எஸ்டிஆர் இருக்கிறது, பூஜ்யத்திலிருந்து 29 மெகாஹெர்ட்ஸ் வரை பிரவுசரிலேயே கேட்கலாம். அதே மாதிரி இணையத்தில் கேட்கிற கிவி எஸ்டிஆர் ரிசீவர்கள் உலகம் முழுக்க இருக்கின்றன. 137-இல் ஐரோப்பாக்காரர்கள் மெதுமோர்ஸ் (திரையில் கண்ணால் படிக்கிற அளவுக்கு மிக மெதுவான மோர்ஸ்) அனுப்புவது அப்பட்டமாகத் தெரியும். பிவிசி பைப் வாங்க ஹார்டுவேர் கடைக்கு அலையத் தேவையே இல்லை.

கப்பல்_காது

தாசன் சொல்வதில் பாதி சரி. எந்த சிக்னல் எப்படி இருக்கும் என்று கண்ணுக்கும் காதுக்கும் பழக்க வெப் எஸ்டிஆரைவிட நல்ல வாத்தியார் இல்லை. ஆனால் அடுத்த வீட்டு அடுப்பில் வெந்த சோற்றைச் சாப்பிட்டுவிட்டு நான் சமைத்தேன் என்று சொல்ல முடியாது.

நான் 20 வருஷம் சரக்குக் கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்தவன். இந்த 475 எல்லாம் எனக்குப் பழைய தெரு. பக்கத்து வீடான 500 கிலோஹெர்ட்ஸ்தான் கடலில் அபாய அழைப்புக்கும், பொதுவாகக் கூப்பிடுவதற்கும். எங்கள் அறைக் கடிகாரத்தில் இரண்டு சிவப்புத் துண்டுகள் வரைந்திருக்கும், 15 முதல் 18 நிமிடம் வரை, 45 முதல் 48 வரை. அந்த மூன்று நிமிஷம் உலகத்தில் எந்தக் கப்பலும் 500-இல் மோர்ஸ் சாவியைத் தொடக் கூடாது. யாராவது மூழ்கிக்கொண்டிருந்தால் அவன் குரல் கேட்க வேண்டும் என்பதற்காக. அந்த மூன்று நிமிஷத்தில் ஹெட்போனில் கேட்பது இடி முறிகிற சத்தம் மட்டும்தான், வங்காள விரிகுடாவில் ஐப்பசி மாதமென்றால் அது கடலை வறுக்கிற மாதிரி இருக்கும். நடு ராத்திரி வாட்ச்சில் அந்த அமைதி எனக்கு இன்றைக்கும் கனவில் வரும். 1999 பிப்ரவரியோடு புதிய முறை முழுசாக வந்து அதெல்லாம் முடிந்தது, எங்கள் வேலையும் சேர்ந்து முடிந்தது.

சரி, கிழவன் கதை போதும். தம்பிக்கு என் யோசனை, 18.2-க்கு அப்புறம் நேராக 137-க்குக் குதிக்காமல் 518-க்குப் போகட்டும். நாவ்டெக்ஸ், கப்பல்களுக்கான வானிலை எச்சரிக்கை. ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு எழுத்து, நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை பத்து நிமிஷம். நம் கரையிலேயே முட்டத்திலும் பரங்கிப்பேட்டையிலும் நிலையம் வைத்திருக்கிறார்கள். வி3 டாங்கிளுக்கும் 518 எட்டும், ஃபில்டர் மட்டும் போட்டுக்கொள்ளட்டும். எஃப்எல்டிஜி மென்பொருளில் நாவ்டெக்ஸ் என்றே ஒரு தேர்வு உண்டு. பக்கவாட்டு மேல்பட்டையில் 517-இல் வைத்தால் 1000 ஹெர்ட்ஸில் குருவி கத்துகிற மாதிரி ஒரு ஓசை வரும், திரையில் இசட்சிஇசட்சி என்று ஆரம்பித்து மீனவர்களுக்கான எச்சரிக்கை ஓடும். முதன்முறை ஓடும்போது கை தட்டத் தோன்றும் பாருங்கள். விமான நிலையத் திசைகாட்டிகளும் 200-லிருந்து 400 சொச்சம் வரை இன்னும் சில உயிரோடு இருக்கின்றன, இரண்டு மூன்று எழுத்தை மோர்ஸில் திரும்பத் திரும்பச் சொல்லும். மோர்ஸ் தெரியாதவன்கூடப் பத்து நிமிஷத்தில் எழுதிவிடலாம், அவ்வளவு நிதானமாக வரும்.

மாடி_ஏரியல்

லூப் கட்டிவிட்டேன் ஐயா, அண்ணா. ஞாயிற்றுக்கிழமை முழுக்க போனது. அம்மா அதைப் பார்த்துவிட்டு, கொசுவலை கட்டவா என்று கேட்டார்.

பலன்: திரை முழுக்க கோடு. 50 ஹெர்ட்ஸின் மடங்குகள் ஏணிப்படி மாதிரி மேலே வரை ஏறுகின்றன. 18.2 இருக்கிற இடத்தில் ஒரு தடித்த மஞ்சள் பட்டை நெளிந்துகொண்டே போகிறது, விடிஎக்ஸ் இப்படித்தான் நெளியுமா?

நெல்லை_அலை

நெளிகிறதா? அப்படியென்றால் அது விடிஎக்ஸ் இல்லை. விடிஎக்ஸ் 200 பாட் எம்எஸ்கே (தரவை அலையில் ஏற்றுகிற ஒரு முறை), இரண்டு பக்கமும் ஒழுங்காக ஓரம் வெட்டின பட்டையாக, அசையாமல் நிற்கும். நெளிகிறது என்றால் எங்கோ ஒரு ஸ்விட்ச்சிங் பவர் சப்ளை. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓட்டுங்கள். அப்புறம் மெயின் சுவிட்ச்சை அணைத்துவிட்டுப் பாருங்கள், வீட்டு இன்வெர்ட்டரையும் சேர்த்து அணைக்க வேண்டும், அதுதான் பெரிய எதிரி. எல்லாம் அணைத்த பிறகு ஒவ்வொன்றாகப் போட்டு வாட்டர்ஃபாலைப் பாருங்கள். எந்த விளக்கைப் போட்டதும் எந்தக் கோடு வருகிறது என்று நோட்டில் குறித்து வையுங்கள்.

என் வீட்டுப் பட்டியல் சொல்கிறேன்: எல்இடி பல்ப் ஆறில் இரண்டு மோசம், ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியவை, நாலு நல்ல பிள்ளைகள். ஃபேன் ரெகுலேட்டர் மூன்றில் வைத்தால் இரைச்சல், ஐந்தில் வைத்தால் இல்லை. வைஃபை ரௌட்டரின் அடாப்டரை மாற்றினேன், 60-க்குக் கீழே பாதி திரை கறுத்துப்போனது. செட்டாப் பாக்ஸ் அணைத்தாலும் கத்தும், பிளக்கைப் பிடுங்கினால்தான் அடங்கும். இதெல்லாம் சரிபண்ண எனக்கு இரண்டு மாதம் ஆனது, ரேடியோவுக்கு ஒரு பைசா செலவில்லை.

வடமராட்சி_அலை

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்களுக்கு விடிஎக்ஸ் நல்ல பலமாகவே விழும். தூத்துக்குடி 1053-உம் அப்படித்தான், அதனால் எஸ்டிஆர் வைத்திருந்தால் ஃபில்டர் இல்லாமல் ஒன்றுமே செய்யேலாது. தம்பி, நெளியும் பட்டை எத்தனை மணிக்கு வருகிறது என்று கவனித்தீர்களா? காலையும் இரவும் சமையல் நேரத்தில் மட்டும் என்றால் இண்டக்ஷன் அடுப்பு. அது 20 கிலோஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில்தான் வேலை செய்கிறது, சட்டியைத் தூக்கி வைக்கும்போது கோடு அங்கும் இங்கும் ஓடும்.

மாடி_ஏரியல்

அண்ணா!! அதேதான். கீழ் வீட்டில் காலை ஆறரைக்கு வருகிறது, ஏழேகாலுக்கு நிற்கிறது. தோசைக்கு ஒரு நெளிவு, நிறுத்தி மறுபடி ஒரு நெளிவு. எண்ணிப் பார்த்தேன், இன்றைக்குப் பதினோரு தோசை.

மினிவிப்_மணி

லூப் எல்லாம் பழைய காலம். மினி விப் என்கிற சின்னக் குச்சி ஏரியல் கட்டுங்கள். கை அகலச் செப்புத் தகடு, ஒரு ஜேஃபெட், ஒரு டிரான்சிஸ்டர், அவ்வளவுதான், 10 கிலோஹெர்ட்ஸிலிருந்து 30 மெகா வரை எடுக்கும். ட்வென்டே வெப் எஸ்டிஆர் ஓடுவதே மினி விப்பில்தான். ஜே310 கிடைக்கவில்லை என்றால் ரிச்சி தெருவில் பிஎஃப்டபிள்யூ10 கேளுங்கள், நம் கல்லூரி லேப்களில் காலம் காலமாக இருக்கிற அதே ஜேஃபெட், இந்த அதிர்வெண்ணுக்கு அது தாராளம்.

நெல்லை_அலை

மணி, மினி விப் நல்ல சாமான்தான், எனக்கும் வைத்திருக்க ஆசைதான். ஆனால் அது மின்புலத்தைப் பிடிக்கிறது, வீட்டு ஒயரிங்கிலிருந்து கசிகிற இரைச்சலும் பெரும்பாலும் மின்புலமாகத்தான் வருகிறது. ட்வென்டேயில் அது கட்டிடத்தின் கூரைமேல் நிற்கிறது. தம்பி வீட்டில் பால்கனியில் நின்றால் தோசையை மட்டும்தான் கேட்கும். இன்னொன்று, மினி விப்புக்கு மறுபாதி ஏரியல் அதன் கோஆக்ஸ் கேபிளின் மேலுறைதான். அது வீட்டு எர்த்தோடு சேர்ந்தால் வீட்டு அழுக்கு மொத்தமும் உள்ளே வரும். கம்பத்தின் அடியில் தனி எர்த் போட்டு, வீட்டுக்குள் வரும் முன் ஃபெரைட் வளையத்தில் பத்துப் பதினைந்து சுற்று சுற்றினால்தான் பிழைக்கும். தோட்டம் இருக்கிறவன் கட்டலாம். மாடி வீட்டுக்காரனுக்கு லூப். லூப்பைத் திருப்பி இரைச்சல் வருகிற திசையை அடைத்துவிடலாம், குச்சியைத் திருப்பி என்ன பண்ணுவது?

மினிவிப்_மணி

எனக்குத் தோட்டம் இருக்கிறது, அதனால்தான் சொன்னேன் போல. எர்த் விஷயம் ஒத்துக்கொள்கிறேன், நானும் பட்டுத்தான் திருந்தினேன்.

மாடி_ஏரியல்

எல்லோருக்கும் நன்றி, வந்துவிட்டது!!!

நேற்று எங்கள் ஏரியாவில் ஈபி பராமரிப்பு ஷட்டவுன், காலை ஒன்பதிலிருந்து. ஆபீசுக்கு லீவு போட்டேன். எங்கள் இன்வெர்ட்டரை அணைத்தேன், கீழ் வீட்டு மாமியிடம் போய் உங்கள் இன்வெர்ட்டரையும் ஒரு மணி நேரம் அணைப்பீர்களா என்று கெஞ்சினேன், கல்யாணம் ஆகாத பையனுக்கு இப்படித்தான் ஏதாவது வரும் என்று சொல்லிக்கொண்டே அணைத்தார். லேப்டாப் பேட்டரியில். திரை கறுப்பாக ஆனது, ஆறு மாதத்தில் இவ்வளவு கறுப்பை நான் பார்த்ததே இல்லை. 18.2-இல் ஒரு பட்டை, ஓரம் வெட்டினாற்போல, அசையவே இல்லை. 19.8-இல் இன்னொன்று, மெலிசாக. லூப்பைத் தென்கிழக்குப் பார்க்கத் திருப்பினேன், 18.2 மங்கி 19.8 பிரகாசமானது. திரும்பத் தென்தென்மேற்குக்கு வைத்தேன், தலைகீழாக மாறியது. ஒரு கால் மணி நேரம் இதையே விளையாடிக்கொண்டிருந்தேன். 19.8 எது?

கப்பல்_காது

ஆஸ்திரேலியாவின் நார்த் வெஸ்ட் கேப். என்டபிள்யூசி. 1 மெகாவாட் நிலையம். ஒயரைப் பைப்பில் சுற்றி லேப்டாப்பில் சொருகி இந்துமகாசமுத்திரத்தைத் தாண்டிவிட்டீர்கள் தம்பி. சபாஷ். 22.2-இல் ஜப்பான் ஜேஜேஐ, ராத்திரியில் பாருங்கள்.

நெல்லை_அலை

சபாஷ். இனிமேல் அதை அணைக்காமல் பலத்தை மட்டும் நாள் முழுக்கப் பதிய விடுங்கள். சூரிய உதயத்திலும் மறைவிலும் கோடு பள்ளம் விழுந்து எழும், அயனி மண்டலத்தின் டி அடுக்கு பகலில் 70 கிலோமீட்டர் வரை இறங்கி, ராத்திரி 85, 90-க்கு ஏறுவதன் அடையாளம் அது. நடுப்பகலில் காரணமில்லாமல் சட்டென்று கோடு துள்ளி, அரை மணி, ஒரு மணி நேரத்தில் மெதுவாக இறங்கினால் சூரியனில் ஒரு தீப்பிழம்பு வெடித்திருக்கிறது. ராத்திரி ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள், மின்னல்கள் டிக் டிக்கென்று வருவதற்கு நடுவில் 'ட்யூ' என்று தண்ணீர் சொட்டுகிற மாதிரி வரும், ட்வீக் என்பார்கள். விசில் மாதிரி நீளமாக இறங்குகிறதை எதிர்பார்க்காதீர்கள், நாம் காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம், அது இங்கே அபூர்வம்.

மாடி_ஏரியல்

அப்போ 137?

வடமராட்சி_அலை

அதே லூப்புக்குக் குறுக்கே 1000 பிகோஃபாரட் போட்டால் 137-க்குப் பக்கத்தில் ஒத்திசையும், கொஞ்சம் கூட்டிக் குறைத்துப் பார்க்க வேணும். 475-க்கு 20 சுற்று அதிகம், ஆறு ஏழு சுற்றில் வேறொன்று கட்டுங்கள். ரிசீவர் மட்டும் டாங்கிளை நம்பாமல் சில கிலோஹெர்ட்ஸிலிருந்தே கேட்கிற எஸ்டிஆர் ஒன்று, எஸ்டிஆர்பிளே, ஏர்ஸ்பை எச்எஃப் பிளஸ் மாதிரி, கையில் காசு சேர்ந்த பிறகு வாங்கலாம், இரவல் கிடைத்தால் இன்னும் நல்லம்.

காதால் கேட்கிற ஆசையை விட்டுவிடுங்கள். விஸ்பர் முறைதான் வழி. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை 6 ஹெர்ட்ஸ் அகலத்தில் அழைப்புக்குறியும் இடமும் அனுப்புகிற சக்தியும் மட்டும் வரும், கணினி இரைச்சலுக்குள் கை விட்டுப் பொறுக்கி எடுக்கும். டயல் 474.2, மற்றது 136.0, இரண்டும் மேல்பட்டை. கணினிக் கடிகாரம் ஒரு விநாடிக்குள் சரியாக இருக்க வேணும், இதைச் செய்யாமல் நான் நாலு இரவு வீணாக்கினேன். 474.2-இல் மூன்று கிழமை ஒன்றுமில்லை. பிறகு ஒரு விடியப்புறம் மேற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரேயொரு வரி, மைனஸ் 27 டெசிபெல். மனிசியை எழுப்பிக் காட்டினேன், இதுக்கா எழுப்பினீங்கள் என்று திரும்பிப் படுத்துவிட்டா. 136 இன்னும் எனக்குக் கிடைக்கவில்லை.

டாங்கிள்_தாசன்

சரி சரி, நானும் பைப் வாங்கிவிட்டேன். யாரும் சிரிக்காதீர்கள்.

மாடி_ஏரியல்

ஒரு அவசர சந்தேகம். பத்து நாளாகப் பதிவு நன்றாக ஓடியது. இன்று காலை 18.2 சுத்தமாகக் காணோம், ஒரு சொட்டுகூட இல்லை. நேற்று மாடியில் குரங்கு வந்தது, லூப் ஒயரை இழுத்திருக்குமோ என்று போய்ப் பார்த்தேன், வெளியில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. சவுண்ட் கார்டு போயிற்றா?

நெல்லை_அலை

19.8 இருக்கிறதா?

மாடி_ஏரியல்

இருக்கிறது. வழக்கம் போலவே.

நெல்லை_அலை

அப்படியென்றால் உங்களிடம் ஒன்றும் போகவில்லை. அவர்கள் பராமரிப்புக்கு அணைத்திருப்பார்கள், இங்கே எனக்கும் காலையிலிருந்து வெற்றிடம்தான். சோல்டரிங் அயர்னைக் கீழே வையுங்கள்.